கை தூக்கும் ஊர்: வெர்மான்ட் நாட்குறிப்பு

சனி, மார்ச் 1, 2025

நேற்று இரவு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டனில் இறங்கி மகள் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மிடில்பரியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது இந்தச் சிற்றூர். பெயரை எழுதப் போவதில்லை. இவ்வளவு சின்ன ஊரில் பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான்.

காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே பார்த்தேன். பனி முழங்கால் அளவு. சாலை மட்டும் கறுப்பாக நீண்டு கிடந்தது. காபி போட அடுப்படிக்குப் போனால், மேசையில் ஒரு புத்தகம். ஊரின் ஆண்டறிக்கையாம். சாலைக்கு எவ்வளவு சரளை வாங்கினார்கள், எத்தனை நாய்களுக்கு உரிமம் கொடுத்தார்கள், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் இறந்தார்கள், யார் வரி பாக்கி என்பது வரைக்கும் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுகிறார்கள். முப்பத்து நான்கு வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். இப்படி ஒரு கணக்குப் புத்தகம் மக்கள் கைக்குப் போய் நான் பார்த்ததில்லை. காபி ஆறும்வரை படித்தேன்.

"செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம், அத்தை. அதுக்குத்தான் இந்தப் புத்தகம்" என்றார் மாப்பிள்ளை. மார்ச் மாதத்து முதல் செவ்வாய் இங்கே விடுமுறை நாள். ஊரே கூடி வரவு செலவைப் பேசி முடிவு செய்யும். நான் இந்தச் சமயம் பார்த்து டிக்கெட் போடச் சொன்னதே அதைப் பார்க்கத்தான்.

பள்ளிக்கூடக் கணக்குக்கு மட்டும் தனி அறிக்கை. இங்கே 'பள்ளி மாவட்டம்' என்றால் நம் கல்வித் துறையின் மாவட்ட அலுவலகம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. அது ஒரு குட்டி அரசாங்கம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு. அந்த வாரியம் வரவு செலவுத் திட்டம் போடும். அந்தத் திட்டத்துக்கு மக்கள் மறுபடியும் ஓட்டுப் போட வேண்டும். தோற்றால் வெட்டிக் குறைத்து இன்னொரு தடவை கேட்க வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஆறரை லட்சம் பேர்கூட இல்லை, மாணவர்கள் சுமார் 84 ஆயிரம். அவர்களுக்கு 119 பள்ளி மாவட்டங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் 270க்கும் மேலே இருந்தன. 2015ல் வந்த 46ஆம் சட்டம் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தது. போன ஜனவரியில் ஆளுநர் ஃபில் ஸ்காட், மாநிலத்துக்கு ஐந்தே ஐந்து மாவட்டம் போதும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்திருக்கிறார். ஊரில் இப்போது எல்லோர் வாயிலும் அதுதான் பேச்சு.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். பல வருடம் பள்ளி வாரியத்தில் இருந்தவர். மாலையில் ரொட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்களும் ஆசிரியையாமே, நாளை என்னோடு வாருங்கள், ஒரு ஊரைக் காட்டுகிறேன்" என்றார்.

ஞாயிறு, மார்ச் 2

அவர் காட்டிய ஊர் விட்டிங். மிடில்பரியிலிருந்து தெற்கே 30ஆம் எண் சாலையில் போனால் வரும். நானூறு பேர் வசிக்கும் ஊர். ஒரு தேவாலயம், சில வீடுகள், அதற்கப்பால் பால் பண்ணைகள், வெள்ளை வெளேரென்று வயல்கள். நின்று பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வெர்மான்ட் பள்ளிகளின் கணக்கு மாறியது இங்கே படித்த ஒரு சிறுமியின் வழக்கால்தான்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு ஊரும் தன் பள்ளிக்குத் தன் வீட்டு வரியிலிருந்துதான் பெரும்பங்கு பணம் திரட்ட வேண்டும். பனிச்சறுக்கு விடுதிகள் உள்ள ஊருக்குச் சொத்து மதிப்பு மலை மாதிரி, பிள்ளைகள் கொஞ்சம். விவசாயக் குடும்பங்கள் உள்ள ஊருக்குச் சொத்தும் இல்லை, வருமானமும் இல்லை. 1995 கணக்குப்படி ஸ்டானர்ட் என்ற ஊரில் ஒரு மாணவருக்குப் பின்னால் இருந்த சொத்தின் மதிப்பு 1,18,000 டாலர் சொச்சம். கில்லிங்டன் பனிச்சறுக்கு மலை இருக்கும் ஷெர்பர்னில் அதே கணக்கு 22 லட்சம் டாலர். ஒரே மாநிலம், ஒரே பாடம். பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்பதை வைத்து நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று தீர்மானமானது.

1997 பிப்ரவரியில், அந்தச் சிறுமியின் பெயரால் அழைக்கப்படும் பிரிகம் வழக்கில் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. இந்த மாநிலத்தின் முதல் அரசியலமைப்பு 1777ல் எழுதப்பட்டது. ஊருக்கு ஊர் பள்ளி இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வாக்கைக் கொடுத்த அரசு, பணத்தை மட்டும் ஊரின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்த சில மாதங்களில், அதே ஆண்டு ஜூனில், 60ஆம் சட்டம் வந்தது. பள்ளிக்கான சொத்து வரி மாநிலப் பொது வரியாக மாறியது.

பணக்கார ஊர்கள் கொதித்தன. ஷெர்பர்னுக்குப் பிறகு கில்லிங்டன் என்றே பெயர் மாறியது. அந்த ஊர் மக்கள் 2004 ஊர்க்கூட்டத்தில், வெர்மான்டை விட்டுப் பிரிந்து நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தோடு சேர்ந்துகொள்கிறோம் என்றே ஓட்டுப் போட்டார்கள். நடுவில் பல ஊர்களும் பல மைலும் கிடக்கின்றன, அதையும் பார்க்கவில்லை. பிரிவினை நடக்கவில்லை. வரி மீதான கோபம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

"எங்கள் வரியை மற்ற ஊர்கள் தின்கின்றன என்று பணக்கார ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று நாங்கள் கேட்டோம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. காரை ஓரமாக நிறுத்தி, ஹீட்டரை ஓடவிட்டு, வெகுநேரம் அந்த வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மேப்பிள் சாறு காய்ச்சும் கொட்டகை ஒன்றுக்குப் போனோம். அடுப்பு எரியவில்லை. இரவு உறைந்து பகலில் இளகினால்தான் மரத்தில் சாறு ஓடுமாம், இன்னும் பகல் குளிர் விடவில்லை. நாற்பது குடம் சாற்றைக் காய்ச்சினால் ஒரு குடம் பாகு கிடைக்கும் என்றார் கொட்டகைக்காரர். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற வீட்டில் பிறந்தவள் நான். அந்தக் கொட்டகையின் வாசனை எனக்குப் புதிதாக இல்லை.

திங்கள், மார்ச் 3

இன்று மாலை பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் விளக்கக் கூட்டம். பள்ளி வரவு செலவுக்கு நாளைதான் ஓட்டு, அதற்கு முன்னால் கேள்வி கேட்க இதுதான் இடம். இரும்பு நாற்காலிகளில் ஐம்பது பேர் போல இருந்தார்கள். மாட்டுக் கொட்டிலிலிருந்து நேரே வந்தவர்களின் பூட்ஸில் சாணம் காய்ந்திருந்தது.

மேடையில் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் படம் போட்டுக் காட்டினார். செலவு ஏறியதற்குக் காரணங்கள்: சம்பளம், சிறப்புக் கல்வி, பழைய கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு. போன வருடம் ஒரே தடவையில் அது மாநிலம் முழுக்க 16 சதவீதம் போல ஏறியது. இந்த வருடமும் ஏற்றம்தான். ஒரு மாணவருக்கு ஆண்டுச் செலவு 20,000 டாலரைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் மிக அதிகம் செலவிடும் மாநிலங்களில் இது ஒன்று. ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று கணக்குப் பார்த்தால், நாட்டிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள இடங்களிலும் இது ஒன்று.

முன் வரிசையில் இருந்த ஒரு விவசாயி எழுந்தார். "நாங்கள் இந்த வருடம் செலவைக் கிட்டத்தட்ட ஏற்றவே இல்லை. அப்புறம் ஏன் என் வரி ஏறுகிறது?"

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். கண்காணிப்பாளர் சொன்ன பதிலை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். எல்லா ஊரும் ஒரே உலையில் அரிசி போட்டுச் சமைக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வீடும் தனக்கு எவ்வளவு சோறு என்று தானே முடிவு செய்துகொள்ளலாம், நிறையக் கேட்கும் வீடு நிறையத் தர வேண்டும். ஆனால் மொத்த உலைக்கு எவ்வளவு அரிசி என்பது எல்லோரும் கேட்டதைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். மற்ற ஊர்கள் கூடக் கேட்டால், நீங்கள் கேட்காமல் இருந்தாலும் உங்கள் பங்கும் ஏறும். அதோடு, ஊரில் வீட்டு விலை ஏறியிருந்தால் மதிப்பீட்டைச் சந்தை விலைக்குச் சரிக்கட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது, அதிலும் ஏறும். கொரோனாவுக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் வந்து வீடு வாங்கியதில் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு வரியில் கழிவு உண்டு, வீட்டுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது கிடைக்கிறது. இருந்தாலும் முதல் அடி எல்லோருக்கும் விழுகிறது.

மாணவர்களை எண்ணுவதும் நேர்க் கணக்கு கிடையாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கும், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கும் செலவு கூட ஆகும் அல்லவா? 2022ல் வந்த 127ஆம் சட்டம் அவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தது. வறுமையில் உள்ள பிள்ளைக்கு 1.03, ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு 2.49 என்று மேலும் சேர்த்து எண்ணுகிறார்கள். இது நியாயம் என்றுதான் என் மனசுக்குப் படுகிறது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளை முப்பது என்று மட்டும் எண்ணி ஆசிரியர் போட்ட காலத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த முப்பதில் எட்டுப் பேர் செங்கல் சூளைக் குடும்பம் என்றால் அது முப்பது கிடையாது, ஐம்பது.

ஆனால் அந்தச் சட்டத்தோடு வந்த ஒரு சலுகை சிக்கலில் விட்டது. புதிய கணக்கால் யாருடைய வரியும் 5 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். வரி ஏற்றம் எப்படியும் அந்த வரம்பில் நின்றுவிடும் என்றதும் பல மாவட்டங்கள் செலவை ஏற்றின. 2023 டிசம்பரில், அடுத்த ஆண்டு வரி சராசரியாக 18.5 சதவீதம் ஏறும் என்று மதிப்பீடு வந்தது. அவசரமாக வரம்பை நீக்கினார்கள். 2024 ஊர்க்கூட்ட நாளில் பள்ளி வரவு செலவுத் திட்டங்களில் மூன்றில் ஒன்று போல மக்கள் தோற்கடித்தார்கள். கடைசியில் சட்டமன்றம் ஆளுநரின் மறுப்பையும் மீறி முடிவு செய்த ஏற்றம் சராசரி 13.8 சதவீதம். அந்தக் கோபம் இன்னும் தணியாமல்தான் இன்றைக்கு இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். கூரை, பேருந்து, காப்பீடு, ஆளுநரின் ஐந்து மாவட்டங்கள். ஒரே ஒரு இளம் தாய் மட்டும், "மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் சரளமாகப் படிக்கிறார்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. பிறகு பேச்சு மறுபடி கூரைக்குப் போய்விட்டது.

செவ்வாய், மார்ச் 4

ஊர்க்கூட்டம். காலை பத்து மணி. வாசலில் வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்த்து உள்ளே விடுகிறார்கள். என்னைப் போன்ற வெளியாட்களுக்குப் பக்கவாட்டில் தனி இருக்கை. கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் ஒரு மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினார், கூடம் அடங்கியது.

மண் சாலையைச் சமன்படுத்தும் வண்டி புதிதாக வாங்குவதா, பழையதை இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதா என்பதில் முக்கால் மணி நேரம் போனது. ஒருவர் ஆதரவாகப் பேசினால் அடுத்தவர் எதிர்த்துப் பேசுகிறார், ஆனால் இரண்டு பேரும் மாடரேட்டரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சம்மதம் என்றால் 'ஐ', இல்லை என்றால் 'நே'. குரலில் தெளிவு இல்லாவிட்டால் கை தூக்கச் சொல்கிறார்கள். ஏழு பேர் கேட்டுக்கொண்டால் சீட்டில் எழுதி ஓட்டு. தொகையில் ஆயிரம் டாலர் கூட்டவோ குறைக்கவோ யாரும் அங்கேயே எழுந்து திருத்தம் சொல்லலாம். நம் கிராம சபையில் தீர்மான நோட்டு முன்கூட்டியே எழுதித் தயாராக இருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு பால்காரம்மா எழுந்து நூலகத்துக்கு ஐந்நூறு டாலர் சேர்க்கச் சொல்லி, ஊர் கை தூக்கி, அது அங்கேயே கணக்கில் ஏறியதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

மதியச் சாப்பாடு பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கப் போட்டது. சுட்ட பீன்ஸ், முட்டைக்கோஸ், வீட்டில் செய்த பை வகைகள். மகள் தயிர் சாதமும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள். மேசையில் முதலில் காலியானது அதுதான்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கான ஓட்டு இந்தக் கூடத்தில் நடக்கவில்லை. அடுத்த அறையில் மறைப்புக்குள் போய் அச்சிட்ட சீட்டில் வேண்டும், வேண்டாம் என்று குறிக்க வேண்டும். இதை 'ஆஸ்திரேலியச் சீட்டு' என்கிறார்கள். ஊர்ப் பள்ளி தனி மாவட்டமாக இருந்தவரை, பள்ளிக் கணக்கும் இதே தரையில்தான் பேசப்பட்டதாம். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "ஒரு வருடம் இசை ஆசிரியரை வெட்டியிருந்தோம். ஒரு பையன் எழுந்து, எனக்கு ஓட்டு இல்லை, பேச மட்டும் விடுங்கள் என்று கேட்டான். அவன் பேசி முடித்ததும் ஊர் அந்தப் பணத்தைத் திருப்பிச் சேர்த்தது." ஊர்கள் இணைந்த பிறகு அது முடியாது. பல ஊர்க்காரர்கள் ஒரே கூடத்தில் கூட முடியாதே. வேலைக்குப் போகிறவர்கள், நோயாளிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சீட்டில் ஓட்டுப் போடுவது சுலபம், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் திருத்தம் சொல்ல முடிந்த இடத்தில் இப்போது சரி, இல்லை என்ற இரண்டு சொல்தான் மிச்சம்.

இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. எங்கள் மாவட்டத்துத் திட்டம் நிறைவேறியது. மாநிலத்திலும் இந்த முறை பெரும்பாலானவை நிறைவேறிவிட்டன.

புதன், மார்ச் 5

மான்ட்பீலியர் போனோம். லிங்கன் கணவாயைக் குளிர்காலம் முழுக்க அடைத்து வைப்பார்களாம், அதனால் ஆப்பலாச்சியன் கணவாய் வழியாகச் சுற்றி. வளைவுக்கு வளைவு எனக்குக் கொல்லிமலை ஞாபகம்.

நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலத் தலைநகர் இது, எட்டாயிரம் பேர். சட்டமன்றக் கட்டடத்தின் தங்கக் கூரை பனியில் பளபளத்தது. ஊர்க்கூட்ட வாரத்தில் உறுப்பினர்கள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால் உள்ளே அமைதி. அப்புறம் நார்த்ஃபீல்டு தாண்டி 12ஏ சாலையில் ராக்ஸ்பரி. எழுநூறு பேர்கூட இல்லாத ஊர். 46ஆம் சட்டத்தின்போது இது மான்ட்பீலியரோடு இணைந்தது. 2024 மார்ச்சில் அந்த மாவட்டத்தின் திட்டம் தோற்றது. வாரியம் ராக்ஸ்பரிப் பள்ளியை மூடுவது என்று முடிவு செய்து, அடுத்த ஓட்டில் நிறைவேற்றியது. சின்னப் பிள்ளைகள் இப்போது பேருந்தில் மான்ட்பீலியர் போகிறார்கள். எங்களுக்குக் காரிலேயே அரை மணி நேரம் ஆனது.

இதில் யாரைக் குறை சொல்வது? பெரிய பள்ளியில் அவர்களுக்குக் கூடுதல் ஆசிரியர்கள், நண்பர்கள். பணமும் மிச்சம். ஆனால் இணையும்போது பெரிய ஊரின் ஓட்டு சின்ன ஊரின் ஓட்டை விழுங்கிவிடும் என்பது முதல் நாளே தெரிந்த கணக்கு. பள்ளி இருந்த இடத்தைக் கடந்தபோது காரில் யாரும் பேசவில்லை. ஐந்து மாவட்டம் என்ற திட்டத்தைக் கேட்டு எங்கள் தெரு ஏன் பதறுகிறது என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வியாழன், மார்ச் 6

பக்கத்து வீட்டு அம்மா வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கேட்கிறார். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.

ஒன்றும் இரண்டும் சேர்ந்த வகுப்பு. பதினொரு பிள்ளைகள். ஆசிரியை ஒவ்வொருவர் பக்கத்திலும் மண்டியிட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். பதினொரு பேர்! அந்த எண்ணிக்கை கிடைத்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. பத்து வருடத்துக்கு முன் தேசியத் தேர்வுகளில் இந்த மாநிலம் நாட்டுச் சராசரிக்கு வெகு மேலே இருந்தது. போன வருடத்துத் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பு, சராசரியோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு செலவு, இவ்வளவு சின்ன வகுப்பு, அப்படியும் இறங்கியிருக்கிறது. 2024ல் வாசிப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் சோதித்துப் பார்த்து, தடுமாறுபவர்களுக்கு முறையாக எழுத்தும் ஒலியும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஆசிரியை அந்தச் சோதனைத் தாளைக் காட்டினார். நம் ஊரில் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது நாங்கள் போட்ட கட்டங்கள் மாதிரியே இருந்தது.

ஒரு சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாத்தைப் பற்றி ஒரு கதை படித்தாள். ஒரு சொல்லில் நின்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. விரலால் எழுத்தெழுத்தாகத் தடவி, உதட்டுக்குள் முணுமுணுத்து, அவளே கண்டுபிடித்தாள். பிறகு அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

வெளியே வந்தால் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இனி சாறு ஓடும் என்றார் அந்த அம்மா. காரில் ஏறியதும் கேட்டேன்: "திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் பேசினீர்களே, இந்தப் பிள்ளை படிக்கிறாளா என்று ஒருவர்தானே கேட்டார்?"

அவர் கொஞ்சநேரம் வண்டியைக் கிளப்பவில்லை. "நான் வாரியத்தில் இருந்த காலத்திலும் அப்படித்தான். கூரையைப் பற்றிப் பேசுவது சுலபம்" என்றார். அப்புறம், "உங்கள் பள்ளியில்?" என்று என்னைக் கேட்டார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்களுக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு வந்தது என்று சொன்னேன். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்க் குழாய், சத்துணவில் முட்டை என்று எல்லாம் பேசினோம். எதுவும் வீண் பேச்சு கிடையாது, எல்லாம் தேவைதான். ஆனால் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறார்கள் என்ற தாளை ஒரு கூட்டத்திலாவது பெற்றோர் முன்னால் வைத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவர்களும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை.